பறிக்கிற ரோஜா, பார்க்கிற ரோஜா

எங்கள் வீடு சேலம் கன்னங்குறிச்சியில். மாடியில் ஏறி நின்றால் சேர்வராயன் மலை கையை நீட்டித் தொட்டுவிடலாம் போல நிற்கும். சில நாள் மேகம் இறங்கி மலை பாதி மறைந்திருக்கும். எங்கள் மாடியில் துணி மொறமொறவென்று காய்ந்துகொண்டிருக்கும். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற மலையில் வளர்கிற செடி நம் வீட்டிலும் வளரும் என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு.

ஏழு வருடத்துக்கு முன்னால், ஒரு மே மாதம், ஏற்காடு கோடை விழாவுக்குப் போயிருந்தோம். அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி. கூட்டத்தில் நசுங்கி வெளியே வந்தபோது கண்ணெல்லாம் பூவாக இருந்தது. வழியில் ஒரு நர்சரியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளில் ஒன்று, கருஞ்சிவப்பில் ஒன்று, ஓரம் மட்டும் சிவந்த வெள்ளையில் ஒன்று, ஊதா மாதிரி ஒன்று.

“இது என்ன ரோஸுங்க?”

“மஞ்ச ரோஸுங்க.”

“அது தெரியுதுங்க. பேரு?”

“மஞ்ச ரோஸ்தாங்க.”

செடி ஒன்று 150 ரூபாய். நான்கையும் வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மடியில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பின் சீட்டில் இருந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “இதுல எது கண்ணு தலைக்கு வைக்கிறது?” எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய பூவை யாராவது தலையில் வைப்பார்களா? அம்மா கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று புரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

ஆனி முடிவதற்குள் மூன்று செடி காய்ந்துபோனது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. அந்த 1,200 மீட்டர் ஏறினால் வெயில் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். ரோஜாவுக்குப் பிடித்தது 15 முதல் 28 டிகிரி வரை. சித்திரையில் எங்கள் மொட்டை மாடித் தளத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. ஆக, வெயில்தான் கொன்றது என்று முடிவு கட்டியிருந்தேன். ஏற்காடு அடிவாரத்தில் நர்சரி வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “மேல விக்கிறதும் கீழ விக்கிறதும் ஒரே லாரியில வர்றதுதாங்க்கா. ஓசூர்ல இருந்து வரும், இல்லைன்னா ஆந்திராவுல கடியத்துல இருந்து வரும். மேல ரெண்டு வாரம் குளுகுளுன்னு நிக்கும், அவ்வளவுதான்.” மலைச்செடி என்று நான் மடியில் வைத்துக் கொண்டுவந்தது மலைச்செடியே இல்லையாம்.

செத்த செடியின் தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். வேரைச் சுற்றிச் செங்கல் மாதிரி ஒரு களிமண் உருண்டை. தூரத்து ஊருக்கு அனுப்புகிற செடியை இப்படிக் களிமண்ணில் பொதிந்துதான் அனுப்புகிறார்கள். நான் அதை அப்படியே தூக்கித் தொட்டியில் வைத்துவிட்டேன். சுற்றிலும் நல்ல மண், நல்ல எரு, தினமும் தண்ணீர். உருண்டைக்குள் மட்டும் ஒரு சொட்டு இறங்கவில்லை. இப்போதெல்லாம் வாங்கி வந்த செடியைப் பத்து நாள் நிழலில் வைக்கிறேன். அப்புறம் பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, களிமண் கரைந்து வேர் வெளியே தெரிந்த பிறகே நடுகிறேன். வேர் அறுந்துவிடுமோ என்று கை நடுங்கும். நடுங்கட்டும்.

நான்காவது செடி, அந்த மஞ்சள், பிழைத்தது. காய்ந்த குச்சியின் அடியிலிருந்து ஆவணியில் தளிர் கிளம்பி, ஐப்பசிக்குள் என் உயரத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஒரு வருடம் பூக்கவில்லை. வயசு போதவில்லை என்று நினைத்தேன். இரண்டாவது வருடமும் இல்லை. ஒரு கிளையை வெட்டிக்கொண்டுபோய் அடிவாரத்து அண்ணனிடம் நீட்டினேன். இலைக்காம்பு தண்டோடு ஒட்டுகிற இடத்தை விரலால் தடவிக் காட்டினார். அங்கே சின்னச் செதில் மாதிரி ஒன்று இருக்குமே, அது சீப்புப் பல் போலக் கிழிந்து கிழிந்து இருந்தது. “இது கீழ்ச்செடிங்க்கா. உங்க மஞ்ச ரோஸ் எப்பவோ போயிருச்சு.” கடையில் விற்கிற ரோஜாவில் பெரும்பாலானது ஒட்டுச் செடி. காட்டு ரோஜா ஒன்றின் தண்டில் நல்ல ரகத்தின் கண்ணை, அதாவது தளிர் கிளம்புகிற மொட்டை, வைத்துக் கட்டியிருப்பார்கள். என் செடியில் மேலே இருந்த ரகம் செத்து, கீழே இருந்த மல்டிஃப்ளோரா என்ற காட்டு ரோஜா தழைத்துவிட்டது. இரண்டு வருடம் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றியது அதற்குத்தான். ஒட்டு முடிச்சுக்குக் கீழே வருகிற தளிரை அன்றன்றே அடியோடு பிய்த்துவிட வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அம்மா சும்மா இருக்காமல் ஒரு காரியம் செய்தாள். அவள் பிறந்தது சேலத்தில் குகை என்கிற பகுதியில். எங்கள் அம்மாயி வீட்டுக் கிணற்றடியில் ஒரு ரோஜாப் புதர் உண்டு; பாத்திரம் கழுவுகிற தண்ணீர் முழுக்க அதற்குத்தான் போகும். அந்த வீடு இப்போது இல்லை. ஆனால் அதன் குச்சியை எப்போதோ வாங்கிப்போன ஒரு பெரியம்மா அம்மாபேட்டையில் இருக்கிறாள். அம்மா அங்கே போய் நாலு குச்சி ஒடித்துவந்து, பழைய பெயின்ட் டப்பாவில் ஊன்றிவைத்தாள். போர் தண்ணீர் ஊற்றினாள். எரு என்று எதுவும் போட்டதாக நினைவில்லை. நாலில் மூன்று பிடித்தது. ஆறு மாதத்தில் பூத்தது.

எட்வர்டு ரோஸ். ரோஸ் நிறத்தில், ஐம்பது காசு மல்லிகையோடு சேர்த்து நம் அம்மாக்கள் எல்லாம் ஒரு காலத்தில் வைத்துக்கொண்ட பூ. காம்பு குட்டை, தலை லேசாகக் கவிழ்ந்திருக்கும், நாலு நாளில் இதழ் உதிர்ந்துவிடும். பூச்சாடியில் வைக்க லாயக்கில்லை. வாழைநாரில் தொடுக்க, சாமி படத்துக்குச் சாத்த, பின்னலில் சொருக இதை அடிக்க வேறு பூ கிடையாது. காலையில் மாடிக் கதவைத் திறந்ததும் வாசனை முகத்தில் வந்து மோதும்.

எந்த எட்வர்டு? இங்கிலாந்து ராஜா பெயர் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். தேடிப் படித்தபோது கதை இந்துமாக்கடலுக்குப் போனது. இன்று ரீயூனியன் என்று சொல்கிற தீவுக்கு அப்போது பூர்போன் என்று பெயர். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் நிலத்துக்கு வேலியாக இரண்டு வகை ரோஜாவை நட்டிருந்தார்கள்: ஒன்று சீன ரோஜா, இன்னொன்று இலையுதிர் காலத்திலும் ஒரு தரம் பூக்கிற டமாஸ்க் ரோஜா. இரண்டும் கலந்து தானாக முளைத்த செடியைத் தீவுக்காரர்கள் ‘ரோஸ் எதுவார்’ என்றார்கள். 1817 வாக்கில் பிரெயோன் என்ற தாவரவியல்காரர் அதைக் கவனித்து விதையைப் பாரிசுக்கு அனுப்ப, அதிலிருந்து பூர்போன் ரோஜா என்று ஒரு குடும்பமே உருவானது. எதுவார் நம் வாயில் எட்வர்டு ஆகிவிட்டது.

இதைப் படித்த பிறகு அம்மாவின் பெயின்ட் டப்பா ரகசியம் பிடிபட்டது. வாசனை டமாஸ்க் கொடுத்தது. வருடம் முழுக்கப் பூக்கிற குணமும் வெயில் தாங்குகிற உடம்பும் சீன ரோஜா கொடுத்தது. பிறந்ததே வெப்பத் தீவில். சேலத்து வெயில் அதற்குப் புதிதா என்ன? போதாததற்குக் குச்சியிலிருந்து வந்த செடி, சொந்த வேர். வெட்டிப் போட்டாலும் அடியிலிருந்து அதே எட்வர்டுதான் வரும், கீழ்ச்செடி வந்து ஏமாற்ற வழியில்லை.

ஒரு எச்சரிக்கை. எட்வர்டு வேண்டுமென்று நர்சரியில் போய்ப் ‘பன்னீர் ரோஜா’ என்று கேட்டுவிடாதீர்கள். நான் மூன்று இடத்தில் கேட்டு மூன்று விதமான செடி வாங்கியிருக்கிறேன். ஒருவர் எட்வர்டைக் கொடுத்தார். இன்னொருவர் கொடுத்தது சின்னச் சின்னதாகக் கொத்துக் கொத்தாகப் பூத்தது, வாசனை அறவே இல்லை. மூன்றாவது இன்னும் பூக்கவில்லை. வாசனை உள்ளதெல்லாம் நம் ஊரில் பன்னீர் ரோஜாதான். வடக்கே பன்னீர் வடிக்கிற அசல் டமாஸ்க் குளிர் பட்டால்தான் நன்றாகப் பூக்கும், அதுவும் வருடத்தில் ஒரு பருவம். அதை இங்கே வைத்து ஒன்றும் ஆகாது. எட்வர்டு பூத்த வீட்டில் போய் மோந்து பார்த்துவிட்டு ஒரு குச்சி கேளுங்கள். ரோஜாக் குச்சி கேட்டு இல்லை என்று சொன்ன வீட்டை நான் பார்த்ததில்லை.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நம் வீடுகளில் ரோஜா இரண்டு வகை: பறிக்க மனசு வருகிறது, வராதது. ஹைப்ரிட் டீ, ஃப்ளோரிபண்டா, கிராண்டிஃப்ளோரா என்று புத்தகங்கள் பிரிப்பது சரிதான், ஆனால் செடி வாங்கப் போகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான். வெள்ளிக்கிழமை தோறும் சாமிக்குப் பூ வேண்டும் என்கிற வீட்டில் நாற்பது நாளுக்கு ஒரு பூ விடுகிற செடியை வாங்கி வைத்தால் சண்டைதான் வரும். எங்கள் வீட்டில் வந்தது.

பார்க்கிற ரோஜா என்றால் பெரும்பாலும் ஹைப்ரிட் டீ. நீண்ட காம்பு, அதன் நுனியில் ஒற்றைப் பூ. 1867-ல் வந்த லா பிரான்ஸ் என்ற ரகத்தை இந்த வகையில் முதலாவது என்பார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவின், அமெரிக்காவின் தோட்டங்களை மனதில் வைத்து உருவானவை. சேலத்தில் இவை சித்திரை வைகாசியில் பூத்தால் பார்க்கப் பாவமாக இருக்கும்: மொட்டு இரண்டே நாளில் விரிந்து, சிறுத்து, வெளுத்துப் போகும். அது செடியின் நோயும் இல்லை, நம் தப்பும் இல்லை. மார்கழி, தையில் அதே செடியைப் பாருங்கள்.

நான் ஆசைப்பட்டு ஏமாந்தது பாப்பா மெய்யான். 1963-ல் பிரான்சில் வந்த கருஞ்சிவப்பு, வெல்வெட் மாதிரி இதழ், மயக்குகிற வாசனை. ரோஜா வாசனை எப்படி உண்டாகிறது என்று பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் தேடியபோது, வாசனைக்கு இந்தப் பூவையும் வாசனையின்மைக்கு ரூஜ் மெய்யானையும் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிட்டார்கள். அதுவரை யாரும் எதிர்பார்க்காத ஒரு நொதி அதில் வேலை செய்கிறது என்று 2015-ல் வெளியிட்டார்கள். அப்பேர்ப்பட்ட பூ எங்கள் மாடியில் பதினோரு மணி வெயிலுக்கே ஓரம் கருகி, இஸ்திரிப் பெட்டி பட்ட துணி போல நின்றது. கருஞ்சிவப்பு ரகம் பெரும்பாலும் இப்படித்தான், வெயிலை வாங்கிக்கொள்ளும். சாம்பல் நோயும் அதற்குச் சீக்கிரம் வந்தது. வாசனைக்கு ஆசைப்பட்டு இரண்டு தரம் வாங்கினேன். மூன்றாவது தரம் வாங்க மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை.

தாங்கி நின்றவை கிளாடியேட்டரும் குயின் எலிசபெத்தும். இரண்டும் 1950-களின் ரகம். குயின் எலிசபெத் ஆறடிக்கு மேல் போகும், தொட்டியில் வைத்தால் காற்றுக்குச் சாயும். தரையில் இடம் இருக்கிறவர்கள் வையுங்கள். ஓரம் சிவந்த வெள்ளை, டபுள் டிலைட், என் பலவீனம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் படப்படத்தான் அதன் சிவப்பு ஏறும். காலையில் வெள்ளையாக இருக்கிற பூ இரண்டு நாளில் வெட்கப்பட்டது போல ஆகிவிடும். சேலத்து வெயிலை நல்லதுக்குப் பயன்படுத்திக்கொள்கிற ஒரே ரோஜா இதுதான் என்பேன். செடி நோஞ்சான்தான், இருந்தாலும் வைத்திருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ஐஸ்பெர்க். ஜெர்மனியில் கோர்டெஸ் 1958-ல் கொண்டுவந்த வெள்ளை, ஃப்ளோரிபண்டா வகை. ஒரு கிளையில் ஐந்தாறு பூ கொத்தாக வரும். பறித்தாலும் குறை தெரியாது, பறிக்காவிட்டாலும் அழகு. அம்மாவும் நானும் சண்டை போடாத செடி அது ஒன்றுதான். ஒரே தொல்லை, கோடையில் இலைப்பேன் வெளிர் நிறப் பூக்களைத் தேடி வரும். மொட்டு ஓரம் பழுப்பாகிச் சுருண்டுவிட்டால் அதைக் கிள்ளிப் போட்டுவிட்டு ஆடி வரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பட்டன் ரோஸ் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு. நர்சரியில் காஷ்மீர் ரோஸ் என்று ஒன்று விற்பார்கள். காஷ்மீருக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்காமல் வாங்கலாம், நன்றாகப் பூக்கும். டச்சு ரோஸ் வேண்டாம். ஓசூர்ப் பக்கம் பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வெயிலையும் காற்றையும் அளந்து கொடுத்து வளர்க்கிற செடி அது.

தண்ணீர் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மேக்னசைட் வெட்டுகிற சுண்ணாம்புக்கரடு இருக்கிற ஊர் இது. எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அதை ஊற்றிய ஒட்டு ரோஜாக்களின் புது இலை எல்லாம் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இந்தத் தண்ணீரால் மண் காரமாகிவிட்டால் அதில் இரும்புச் சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. லிட்டருக்கு 2 கிராம் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் கலந்து ஊற்றினால் தெளியும், மறுபடி மஞ்சளாகும். நிரந்தரத் தீர்வு மேட்டூர்த் தண்ணீர்தான். குழாயில் அது வருகிற நாளில் குடத்தோடு இரண்டு வாளி ரோஜாவுக்கும் பிடித்துவைக்கிறேன். குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறாளே என்று எதிர்வீட்டு அக்கா பேசிக்கொண்டதாகக் கேள்வி. எட்வர்டு மட்டும் போர் தண்ணீரிலேயே ஓடுகிறது.

ஏற்காட்டில் என் தோழி வீடு காப்பித் தோட்டத்துக்கு நடுவில். சில்வர் ஓக் நிழல், பனி, வருடம் முழுக்கக் குளிர்ச்சி. ரோஜாவுக்குச் சொர்க்கம் என்று நினைத்துத்தான் போன வருடம் ஆவணியில் போனேன். செடிகள் பாதி மொட்டையாக நின்றன, மீதி இலைகளில் கரும்புள்ளி. அந்தப் பூஞ்சை முளைக்க இலை ஏழெட்டு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் போதும். மலையில் மேகம் இறங்கினால் நாள் முழுக்க ஈரம். “உங்க ஊர்ல வெயில்ல சாகுது, எங்க ஊர்ல ஈரத்துல சாகுது. ரோஸ் எங்கடி சாகாம இருக்கும்?” என்றாள். அவள் வீட்டில் நன்றாக இருந்தது தூணைப் பிடித்து ஏறிய ஒரு கொடி ரோஜா. மழமழவென்று இலை. மலையில் வைப்பவர்கள் பூவைப் பார்ப்பதற்கு முன் இலையின் பளபளப்பைப் பாருங்கள். செடியைச் சுற்றிக் காற்றோட இடம் விடுங்கள்.

சூடான ஊர்களுக்கென்றே ரோஜா உருவாக்கினால் என்ன என்று யோசித்தவர்கள் நம்மிடையே உண்டு. கோதுமை விஞ்ஞானி பி.பி. பால் டெல்லியில் பல ரகங்களைத் தந்தார். ஐ.ஏ.எஸ். பணியை விட்டுவிட்டுக் கொடைக்கானலில் குடியேறிய எம்.எஸ். வீரராகவன், மனைவி கிரிஜாவோடு சேர்ந்து, வெள்ளம் தேங்குகிற ஆற்றங்கரையிலும் வளர்கிற இந்தியக் காட்டு ரோஜாவான கிளினோஃபில்லாவைக் கலந்து புது ரகங்கள் உண்டாக்கினார். அவை நம் தெரு நர்சரிக்கு வந்துசேரவில்லையே என்பது என் குறை. நமக்குக் கிடைப்பதென்னவோ இன்னும் ‘மஞ்ச ரோஸ்’தான்.

இப்போது மாடியில் 11 தொட்டி. எட்வர்டு நாலு, ஐஸ்பெர்க் இரண்டு, மீதி என் பார்க்கிற ரோஜாக்கள். மதியம் ஒரு மணிக்கு மேல் படிக்கட்டுச் சுவரின் நிழல் விழுகிற பக்கம் எல்லாவற்றையும் நகர்த்திவிட்டேன். கருப்புப் பை எல்லாம் போய் மண் தொட்டி வந்தது. மேலே தேங்காய் மட்டையைப் பரப்பியிருக்கிறேன். கார்த்திகையில் மழை விட்டதும் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுவேன், ஒன்றரை மாதத்தில் பூ.

அம்மாவோடு எனக்கு இருந்த பழைய சண்டை, அவள் பூவைக் கழுத்தோடு கிள்ளுவது பற்றி. எட்வர்டை அப்படிக் கிள்ளலாம், தொடுக்கத்தானே. ஒட்டு ரோஜாவைக் கிள்ளினால் அந்த இடத்தில் ஈர்க்குச்சி மாதிரி ஒரு தளிர்தான் வரும். பூவுக்குக் கீழே மூன்று இலை உள்ள காம்பை விட்டுவிட்டு, ஐந்து இலை உள்ள முதல் காம்புக்குக் கால் அங்குலம் மேலே, அதுவும் வெளிப்பக்கம் பார்த்த கணுவாகப் பார்த்துச் சாய்வாக வெட்ட வேண்டும். இதை நான் அவளிடம் நூறு தரமாவது சொல்லியிருப்பேன். “பூவப் பறிக்கிறதுக்குப் பள்ளிக்கூடம் போகணுமா?” என்பாள்.

போன தை மாதம் டபுள் டிலைட் ஒன்றே ஒன்று பூத்தது. அன்று அப்பாவின் திதி. குளித்துவிட்டு மேலே போனபோது பூ இல்லை. கோபத்தோடு கீழே வந்தேன். அப்பா படத்துக்கு முன்னால் எவர்சில்வர் டம்ளரில், முழங்கை நீளக் காம்போடு நின்றது. ஒன்றும் பேசாமல் மறுபடி மாடி ஏறிப்போய்ச் செடியைப் பார்த்தேன். ஐந்து இலைக் காம்புக்கு மேலே, வெளிப்பக்கம் பார்த்த கணு, சாய்வான வெட்டு. வெட்டின முனையில் மஞ்சள் தடவியிருந்தது. அதை நான் சொல்லித் தந்ததில்லை.